பாரீசுக்கு எந்த கேமரா கொண்டு போகலாம்?

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் காடாம்புலியூருக்கு வந்திருந்தார். முந்திரிப் பருப்பு வாங்க வந்ததாகச் சொன்னார். காபி குடித்து முடிந்ததும்தான் விஷயம் வெளியே வந்தது. மகள் பாரீசில் இருக்கிறாள். வருகிற ஜூனில் கணவன் மனைவி இருவரும் மூன்று வாரம் போகிறார்கள். "அண்ணே, நீங்க பிரெஞ்சு படிச்சவரு, போயிட்டு வந்தவரு. ஒன்னேகால் லட்சத்துல ஒரு கேமரா பாத்து வச்சிருக்கேன். ரெண்டு லென்ஸோட வருது. வாங்கலாமா?" என்று கேட்டார். கூடவே ஒரு தாளை நீட்டினார். நாளொன்றுக்கு ஆறு இடம் என்று மூன்று வாரத்துக்கும் பட்டியல் போட்டிருந்தார்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

2009-ல் நானும் என் மனைவியும் பாரீஸ் போனோம். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற என் மைத்துனர் அழைத்திருந்தார். புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கி பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பாடப் புத்தகத்தில் பார்த்த ஊரை நேரில் பார்க்கப் போகிறோம் என்ற பரவசத்தில், உறவுக்காரப் பையனிடம் பெரிய கேமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டேன். பையோடு சேர்த்து மூன்று கிலோ இருக்கும். பதினெட்டு நாளில் ஆயிரத்து நூறு படத்துக்கு மேல் எடுத்தேன்.

லூவ்ரில் மோனாலிசாவைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம், அவ்வளவுதான். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகக் கேமராவைத் தூக்கிப் பத்துப் படம் எடுத்தேன். அதைவிட நல்ல படம் நூலகப் புத்தகத்திலேயே இருக்கிறது.

கீமே அருங்காட்சியகத்தில் நம் சோழர் காலத்து நடராஜர் இருக்கிறார், பதினோராம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி. என் மனைவி அவர் எதிரே கைகூப்பி நின்றாள். நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றி நிமிர்ந்தபோது அவள் கும்பிட்டு முடித்து நகர்ந்துவிட்டாள். சிலை மட்டும் படத்தில் இருக்கிறது. மற்ற இடங்களிலும் இதே கதைதான். "நீங்க புடிச்சி முடிங்க, நான் இப்படி ஒக்காந்திருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள்.

நான்கு வருடத்துக்கு முன் அவள் காலமானாள். படத்திறப்புக்குப் பெரிதாக்க ஒரு படம் தேடினோம். அந்த ஆயிரத்து நூறில் அவள் இருப்பது நான்கு படங்களில். இரண்டில் முதுகு, ஒன்றில் பாதி முகம், ஒன்றில் கண் மூடியிருக்கிறாள். கடைசியில் விசாவுக்காக எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கினோம். சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்த படம் அது. இன்றும் கூடத்தில் அதுதான் மாட்டியிருக்கிறது.

இதற்குக் கேமராவைக் குறை சொல்ல மாட்டேன். பிச்சாவரத்தில் பறவை எடுக்கிறவருக்கும், கல்யாணத்துக்குப் போகிற தொழில்காரருக்கும் பெரிய லென்ஸ் வேண்டும். மகளைப் பார்க்கப் போகிறவருக்குச் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் போதும். வெளிச்சம் பற்றியும் கவலை வேண்டாம். ஜூனில் பாரீசில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். லூவ்ருக்குள் பிளாஷும் கூடாது, முக்காலியும் கூடாது, செல்ஃபி குச்சியும் கூடாது. மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட். இரண்டு முள் சார்ஜர் அப்படியே பொருந்தும், மூன்று முள் பொருந்தாது. பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

இடங்களைப் பொறுத்தவரை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். லூவ்ருக்கும் கீமேவுக்கும் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்களன்று மூடியிருக்கும். நண்பரின் தாளில் செவ்வாய்க்கிழமைக்கு லூவ்ர் என்றுதான் எழுதியிருந்தது! லா ஷப்பேல் பக்கம் நம் தமிழ்க் கடைகளும், சற்று நடந்தால் மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு. அதற்கு ஒரு நாள் ஒதுக்கச் சொன்னேன்.

இன்னொன்று. எடுத்த படத்துக்குத் தேதியும் இடமும் குறித்து வைக்க வேண்டும். முப்பது வருடம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், நாள் போடாத காகிதம் எதற்கும் உதவாது. நம் விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் சிலை திருடு போய் ஆஸ்திரேலியாவில் ஒரு காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2014-ல், ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு அது திரும்பி வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல வருடங்களுக்கு முன் எடுத்து வைத்திருந்த படங்கள் அதற்குச் சாட்சியாக நின்றன. நேராக நின்று, எது எங்கே இருந்தது என்று குறித்து வைத்த சாதாரணப் படங்கள் அவை. போட்டிக்கு அனுப்பினால் பரிசு கிடைத்திருக்காது.

பிரெஞ்சில் 'சூவெனிர்' என்றால் நினைவு என்று பொருள். நாம் அந்தச் சொல்லைக் கடையில் விற்கும் ஈபிள் கோபுரப் பொம்மைக்கு வைத்துவிட்டோம்.

நண்பரிடம் கடைசியாக ஒன்றுதான் சொன்னேன். "தினமும் ஒரு படம், தங்கச்சி சிரிக்கிறப்ப எடுங்க. அதுக்கப்புறம் கோபுரம், பாலம் எது வேணும்னாலும் எடுத்துக்குங்க." அவர் சிரித்துக்கொண்டே பருப்புப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கேமரா வாங்கினாரா என்று தெரியவில்லை.

நீங்களும் வெளிநாடு போவதாக இருந்தால், போகும் முன் பழைய படங்களை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். வீட்டில் யார் அதில் இல்லை என்று எண்ணிப் பாருங்கள்.