சோதியாத கருவியும் தப்பியவரின் சாட்சியமும்

தலைமன்னாரில் ஒரு குழந்தையின் மூச்சுக்குழாயை றம்புட்டான் விதையோ நிலக்கடலையோ அடைத்துவிட்டால், மன்னார் நகரிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலை 25 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. காற்று முற்றாகத் தடைப்பட்டால் சில நிமிடங்களில் மூளை பழுதுறத் தொடங்கும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். ஆயின் அச்சில நிமிடங்களுக்குள் வந்துசேரும் என எவரால் உறுதி கூற முடியும்?

இந்த இடைவெளியை நிரப்புவதாகக் கூறியே 'லைஃப்வாக்', 'டிசோக்கர்' முதலிய உறிஞ்சு கருவிகள் உலகச் சந்தையில் விற்கப்படுகின்றன. முகமூடியை வாய், மூக்கின்மீது பொருத்தி இழுத்தால், உள்ளே சிக்கிய பொருள் வெளியே வரும் என்பது அவற்றின் தத்துவம். கேட்பதற்கு எளியது, நம்புவதற்கும் எளியது. எளியதெல்லாம் உண்மையாகுமா?

இவற்றால் உயிர் பிழைத்தோர் பலர் என்பர் ஆதரவாளர். அச்சாட்சியங்களைப் பொய்யென ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பிழைத்தவரின் வீட்டாரே விற்பனையாளருக்கு நன்றி எழுதுவர். இழந்தவர் வீட்டிலிருந்து கடிதம் வருவதில்லை. வென்றவற்றை மட்டும் எண்ணும் கணக்கு கணக்காகுமா? மூச்சடைத்த குழந்தைகளை இரு கூறாக்கிச் சோதிக்க அறம் இடந்தராது என்பது மெய்யே. எனினும் செயற்கை உருவங்களிலும் தானமளிக்கப்பட்ட உடல்களிலும் சோதிக்கலாம். தோல்விகளையும் விடாது பதியலாம். அப்பணியை விற்பவர் அல்லாதார் செய்தல் வேண்டும். 2023 இல் வெளியான, இறந்த உடல்களில் நிகழ்த்திய ஆய்வொன்றில், முழுத் திராட்சையையும் முந்திரிப் பருப்பையும் மேற்கூறிய இரு கருவிகளாலும் அகற்ற இயலவில்லை. 2024 இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம், நிலைபெற்ற முதலுதவி முறைகளையே பின்பற்றுமாறு மக்களை வேண்டியது. உறிஞ்சும் வலு போதாமை, முகத்திலும் உதட்டிலும் கன்றல், தொண்டையிற் கீறல் ஆகிய முறைப்பாடுகளையும் சுட்டியது.

தொலைவிலுள்ள ஊருக்கு ஏதோவொரு கருவியேனும் இருக்கட்டுமே என்பது இரக்கம்போலத் தோன்றும் வாதம். உண்மையில் அது தொலைவிலுள்ளோரைச் சோதனைப் பொருளாக்கும் வாதம். வைத்தியசாலை வாயிலிற் கருவி தோற்றால் உள்ளே வைத்தியர் உண்டு. பேசாலையிலும் சிலாவத்துறையிலும் அது தோற்றால், அதைத் தேடி எடுத்துப் பொருத்துவதிற் கழிந்த நிமிடம் மீளாது.

கையோ தேடி எடுக்க வேண்டாதது. இருமக்கூடிய குழந்தையை இருமவிட வேண்டும். இருமவும் அழவும் மூச்செடுக்கவும் இயலாதபோது, ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு முதுகில் 5 தட்டு, மேல்வயிற்றில் 5 அழுத்தம் என மாறிமாறிக் கொடுத்தல் வேண்டும். கைக்குழந்தைக்கு வயிற்றிலன்றி மார்பில் அழுத்த வேண்டும். 2025 இன் அமெரிக்க இருதயச் சங்க வழிகாட்டியும் இதனையே விதிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவலாகாது. நினைவிழந்தால் உடனே இருதய, சுவாச மீட்பைத் தொடங்க வேண்டும்.

முன்பள்ளி ஆசிரியைக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் மீனவத் தாய்மாருக்கும் இப்பயிற்சியை ஆண்டுதோறும் அளிப்பதே முதற்கடன். நன்கொடையாளர் கருவிப் பெட்டியுடன் வந்தால், மன்னார் மக்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதைச் சோதித்தவர் யார்? விடை விற்பவரின் பெயராயின், பெட்டி திரும்பிச் செல்லட்டும்; அப்பணம் பயிற்சிக்கு வரட்டும்.