கடலைக் கடக்கும் ராஜாளி



மேட்டூரிலிருந்து பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் பேருந்தில் சென்றவர்கள் உங்களில் அநேகர் இருப்பீர்கள். முன்பு மைசூர் மாவட்டத்தோடு இருந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்த மலை அது. வெயில் ஏறிய பின்பு அப்படிப்பட்ட மலைச்சரிவுகளின்மேல் கழுகுகளும் பருந்துகளும் செட்டையை அசைக்காமலே வட்டமிட்டு உயர்வதைக் கவனித்திருப்பீர்கள். சூடேறிய தரையிலிருந்து மேலெழும் காற்றே அவற்றைத் தூக்கிச் செல்கிறது. அந்தக் காற்று இல்லாத இடத்தில் கழுகின் அகன்ற செட்டை அதற்கே பாரமாகிவிடும்.

கடலின்மேல் அத்தகைய காற்று மிகக் குறைவு. ஆகையால் வலசை போகும் கழுகுகள் கடலைக் கண்டால் ஒதுங்கும். ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் புல்வெளிக் கழுகுகளில் பல, அரேபியா முழுவதையும் தரைவழியாகக் கடந்து, செங்கடல் சுமார் 30 கிலோமீட்டராய்க் குறுகும் பாப் எல் மண்டெப் நீரிணைவரை சென்று, அங்கேதான் அக்கரைப்படுகின்றன. (நாற்பது வயதில் கழுகு தன் அலகைப் பாறையில் மோதி உடைத்துப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம் மேடைகளில் சொல்லப்படும் கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை. அலகு உடைந்த கழுகு பட்டினியால் சாகும். மெய்யாக நடப்பதே போதுமான அதிசயமாயிருக்க, கட்டுக்கதை நமக்கு எதற்கு?)

யோபுவின் புஸ்தகம் 39-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் யோபுவிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, ராஜாளி தெற்கு நோக்கிப் பறப்பதைப் பற்றியது. அந்த ராஜாளியின் இனத்தாரில் கடலுக்கு ஒதுங்காத ஒரு சிறு பறவை உண்டு. ருஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவே ஓடும் அமூர் நதியின் பேரால் அதை அமூர் வல்லூறு என்கிறார்கள். எடை ஏறக்குறைய 150 கிராம்; ஒரு புறாவின் எடையில் பாதி. கிழக்கு ஆசியாவில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைத் தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் கழிக்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்கு இந்தியாவில் தங்கி, பின்பு நம் தீபகற்பத்தின் குறுக்கே பறந்து, அரபிக்கடலுக்குமேல் 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை எங்கும் இறங்காமல் கடக்கிறது. இரவும் பகலும் செட்டையடித்தே செல்ல வேண்டும். வடகிழக்குக் காற்று பின்னிருந்து தள்ளுவது பெரிய உதவி. அதே பருவத்தில் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகத் தட்டான்பூச்சிகள் திரளாய் ஆப்பிரிக்காவுக்குக் கடல் கடப்பதை சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் 2009-இல் எழுதினார். இந்த வல்லூறுகள் வழியில் அவற்றைப் பிடித்துத் தின்னக்கூடும் என்பது அவருடைய கருத்து.

ஆனாலும் முக்கியமான ஆகாரம் பயணத்திற்கு முன்பே உண்ணப்படுகிறது. அது ஈசல். நம் கிராமங்களில் மழைக்குப் பின் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்போமே, அதே ஈசல்தான்! நாகாலாந்தின் மலைகளில் புற்றிலிருந்து கூட்டமாய்ப் புறப்படும் ஈசலைத் தின்று அவை கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தக் கொழுப்பே கடலைக் கடக்க அவற்றுக்கு எரிபொருள். அங்கே சில வாரங்கள் அமைதியாய்த் தின்னக் கிடைக்காவிட்டால், நடுக்கடலில் இறங்க ஒரு கிளைகூடக் கிடையாது.

அந்த இடத்தில்தான் வலை விரிக்கப்பட்டது. 2012 அக்டோபரில் வோக்கா மாவட்டத்து டோயாங் நீர்த்தேக்கத்தருகே, நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 வல்லூறுகள் பிடிபடுவதாகக் கன்சர்வேஷன் இந்தியா குழுவினர் கணக்கிட்டு, படங்களோடு உலகுக்கு அறிவித்தார்கள். மரங்களுக்கிடையே கட்டப்பட்டவை மீன்பிடி வலைகள். பார்த்தவர்கள் பதறினார்கள். அது நியாயமே. ஆனால் வலை ஏன் வந்தது என்று கேட்டவர்கள் சிலரே. டோயாங் அணை கட்டப்பட்டபோது பாங்டி முதலிய கிராமத்தாரின் வளமான விளைநிலங்கள் தண்ணீருக்குள் போயின. உழுதவன் மீன்பிடிக்கப் பழகினான். நீர்த்தேக்கத்தை நாடி வல்லூறுகள் இலட்சக்கணக்கில் வந்தபோது, கையில் வலை இருந்தது, வீட்டில் தேவை இருந்தது. ஊரில் நிலமிழந்து நகரத்தில் கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாங்டி, ஆஷா, சுங்ரோ ஆகிய அந்தக் கிராமங்கள் கிறிஸ்தவக் கிராமங்கள். ஊர்ச்சபைகளும் திருச்சபைகளும் வனத்துறையும் தொண்டு நிறுவனங்களும் கூடிப் பேசின. 2013-இல் வலை விரிக்கப்படவில்லை. ஒரே வருடத்தில் இப்படி நின்றுபோனது அரிது. சட்டம் ஏட்டில் முன்பே இருந்தது. விட்டுக்கொடுத்தவர்கள் அந்த ஜனங்கள். ஒரு பருவத்து வருமானத்தை அவர்கள் இழந்தார்கள். தூரத்திலிருந்து பாராட்டிய நாம் எதையும் இழக்கவில்லை. நீரில் மூழ்கிய வயல்களும் திரும்பிவரவில்லை. பறவையைக் காப்பாற்றியதைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுவதே நீதி.

அந்த நவம்பரில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தாரும் ஹங்கேரி நாட்டு அறிஞர்களும் மூன்று வல்லூறுகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தி, நாகா, வோக்கா, பாங்டி என்று அவற்றுக்குப் பெயரிட்டுப் பறக்கவிட்டார்கள். நாகா என்பது ஐந்தரை நாட்களில் ஏறக்குறைய 5,600 கிலோமீட்டர் பறந்து, கடலைக் கடந்து சோமாலியாவைச் சேர்ந்தது.