அக்கினி கையெழுத்துப் போடுமா?

புரோகிதன் இல்லாமல் நடக்கும் கல்யாணம் கல்யாணமே ஆகாது என்றும், மந்திரமும் ஓமமும் அக்கினி சாட்சியும் இல்லாவிட்டால் அப்பெண் பெண்ஜாதி ஆகமாட்டாள், அவளுக்குப் பிறக்கும் பிள்ளை பிள்ளை ஆகாது என்றும் நமது வைதீகர்கள் நெடுங்காலமாய்ச் சொல்லி வருகிறார்கள். இதற்கு அவர்கள் காட்டும் பெரிய ஆதாரமெல்லாம், "உலகத்தில் எந்த மதத்தில் குரு இல்லாமல் கல்யாணம் நடக்கிறது? வெள்ளைக்காரனுக்கும் பாதிரி இல்லாமல் முடியுமா?" என்பதுதான். முடியும் என்றே சொல்லுகிறோம். கிறிஸ்தவ மதத்திற்குள்ளேயே ஒரு கூட்டத்தார் 350 வருஷங்களுக்கு மேலாகப் பாதிரி இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு வருகிறார்கள். அதற்கு அவர்கள் எழுதிவைத்த பத்திரங்கள் இன்றும் இருக்கின்றன. அப்பத்திரங்களைப் பற்றியே இவ்வாரம் சில விஷயங்கள் சொல்லப் போகிறோம்.

இங்கிலாந்தில் 1650-ஆம் வருஷத்தை ஒட்டி, செருப்புத் தைக்கும் தொழில் பழகிய ஜார்ஜ் பாக்ஸ் என்பவருடைய பிரசாரத்தால் கிளம்பியவர்கள் குவேக்கர்கள். அவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்று சொல்லிக்கொள்ளுவார்கள். சம்பளம் வாங்குகிற பாதிரி கூடாது. உண்மை பேசுகிறவனுக்குச் சத்தியப் பிரமாணம் எதற்கு, ஆகையால் அதுவும் கூடாது. பிரபுவானாலும் கூலிக்காரனானாலும் ஒருவனை ஒருமையிலேயே பேச வேண்டும். எவன் எதிரிலும் தொப்பியைக் கழற்றக் கூடாது. உடையிலும் நகையிலும் ஆடம்பரம் கூடாது என்பவை அவர்களுடைய கொள்கைகள். பின்னால் அமெரிக்காவில் பென்சில்வேனியா என்னும் குடியேற்ற நாட்டையே ஏற்படுத்திய வில்லியம் பென் என்பவர் 1670-இல் லண்டன் கோர்ட்டில் தலையில் தொப்பியோடு நின்றதற்காக அபராதம் விதிக்கப்பட்டார் என்றால், இவர்கள் வாய்ப்பேச்சோடு நின்றவர்கள் அல்ல என்பது விளங்கும்.

இப்படிப்பட்டவர்கள் கல்யாண விஷயத்தில் என்ன செய்தார்கள்? ஆணும் பெண்ணும் தங்கள் விருப்பத்தை முதலில் தங்களுடைய மாதாந்திரக் கூட்டத்தில் தெரிவிக்க வேண்டும். இருவரில் ஒருவருக்கு வேறு பந்தம் ஏதாவது உண்டா, பெற்றோர் என்ன சொல்லுகிறார்கள் என்று விசாரிக்கச் சிலரைக் கூட்டம் நியமிக்கும். தடையில்லை என்று தெரிந்தபின், குறித்த நாளில் எல்லோரும் கூடி மௌனமாய் உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் தாமாகவே எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுவதாகவும் அன்போடும் உண்மையோடும் இருப்பதாகவும் தங்கள் தாய்மொழியில் தங்கள் வாயால் சொல்லுவார்கள். சொல்லிக்கொடுக்க ஒருவன் இல்லை, தட்சணை இல்லை, ஆதியில் மோதிரம்கூட இல்லை. இருவர் வாக்குறுதியும் ஒன்றே. அதே காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் வருஷத்துப் பிரார்த்தனைப் புத்தகமோ, புருஷனுக்குக் கீழ்ப்படிந்து நடப்பேன் என்று பெண் மாத்திரம் வாக்குக் கொடுக்கும்படி எழுதி வைத்திருந்தது.

அதன் பிறகு ஒரு பெரிய தாள் கொண்டுவரப்படும். பழைய நாளில் அது பெரும்பாலும் ஆட்டுத்தோலைப் பதம்செய்த தோல்தாள். அதில் இன்னார் மகன் இன்னாரும் இன்னார் மகள் இன்னாரும் இன்ன கூட்டத்தில் இன்ன நாளில் இன்னபடி சொல்லி ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கும். தம்பதிகள் முதலில் கையெழுத்துப் போடுவார்கள். பத்திரம் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கப்படும். வந்திருக்கும் ஆண்களும் பெண்களும் சாட்சியாகக் கையெழுத்துப் போடுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் கீறல் போடுவார்கள். பெண்ணின் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதையே உலகம் ஒப்புக்கொள்ளாத காலத்தில், தாயும் தங்கையும் பக்கத்து வீட்டுக்காரியும் ஆண்களோடு ஒரே தாளில் சாட்சிகளாக நின்றார்கள் என்பதை நமது பெண்மணிகள் கவனிக்க வேண்டும்.

அத்தாளில் தேதி போடுகிற விதத்தைப் பாருங்கள். இங்கிலீஷில் புதன்கிழமை, வியாழக்கிழமை ஆகியவற்றின் பெயர்கள் வோடன், தோர் என்ற பழைய தெய்வங்களின் பெயர்கள். ஜனவரியும் மார்ச்சும் ரோமாபுரித் தெய்வங்களின் பெயர்கள். பொய்த் தெய்வங்களின் பெயர் நமக்கு வேண்டாமென்று குவேக்கர்கள் 'முதல் மாதம்', 'ஐந்தாம் நாள்' என்று எண்ணிக்கையாலேயே எழுதினார்கள். நமது கல்யாணக் கடிதங்களிலோ திதியும் யோகமும் கரணமும் லக்கினமும் பாதித் தாளை அடைத்துக்கொண்டிருக்கின்றன. எண்ணிக்கையால் நாள் குறித்தவன் குடும்பம் கெட்டதென்று யாராவது காட்ட முடியுமா என்று கேட்கிறோம்.

நிற்க, இவ்வளவு ஆடம்பர விரோதிகளின் தாளில் ஒரு வேடிக்கை உண்டு. அதுதான் அந்த எழுத்து. 18-ஆம் நூற்றாண்டின் பென்சில்வேனியாப் பத்திரங்கள் சிலவற்றைப் பார்த்தால், முதல் சொல் மாத்திரம் விரற்கடை உயரத்தில் சுழியும் வளைவுமாகக் கோலம் போட்டதுபோல் எழுதப்பட்டிருக்கும். அச்சொல் கடவுள் பெயரா? அல்ல. மந்திரமா? அல்ல. 'வேர்ஆஸ்' என்ற சொல். நமது கிரையப் பத்திரங்களில் 'யாதெனில்' என்று வருகிறதே, அதைப்போல இங்கிலீஷ் தஸ்தாவேஜுகளில் வருகிற வார்த்தை. அதாவது, ஜட்ஜுக்குத் தொப்பி கழற்ற மறுத்தவர்கள் ஜட்ஜின் கச்சேரிக் குமாஸ்தாவினுடைய எழுத்தைக் கடன் வாங்கித் தங்கள் கல்யாணத் தாளில் போட்டார்கள்!

இது முரண்பாடு என்று சிரிக்கிறவர்கள் காரணத்தை யோசிக்க வேண்டும். பாதிரி இல்லாத கல்யாணம் வைப்பாட்டி உறவுதான் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. 1661-இல் நாட்டிங்காம் நகரத்துக் கோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது. ஒரு குவேக்கர் தன் மனைவியைக் கர்ப்பிணியாக விட்டுவிட்டு இறந்துபோனார். குழந்தை பிறந்ததும், பங்காளி ஒருவன் அக்கல்யாணம் செல்லாது, குழந்தைக்குச் சொத்தில் பாத்தியமில்லை, நிலம் எனக்கே என்று வழக்குப் போட்டான். ஆர்ச்சர் என்ற ஜட்ஜ், ஆதாமும் ஏவாளும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதும் ஒரு கல்யாணம்தானே, இருவர் சம்மதமே கல்யாணம் என்ற கருத்துப்பட ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னார். ஜூரிகள் குழந்தையின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஆதாமுக்குப் புரோகிதம் செய்த பாதிரி யார் என்று கேட்டால் எந்தப் பாதிரியால் பதில் சொல்ல முடியும்?

ஆகவே பங்காளியின் வாயை அடைப்பதற்கே அத்தாளும், அத்தனை கையெழுத்துக்களும், தஸ்தாவேஜு போன்ற அந்த எழுத்தும் வேண்டியிருந்தன. 1753-இல் கல்யாணங்களெல்லாம் இங்கிலாந்துத் திருச்சபையிலேயே நடக்கவேண்டும் என்று பார்லிமெண்டு சட்டம் செய்தபோது குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் விலக்குக் கொடுக்க நேர்ந்தது. ஒழுங்காக எழுதி, ஒழுங்காகச் சாட்சி வைத்து, ஒழுங்காகப் பதிந்து வந்த ஒரு கூட்டத்தாரின் கல்யாணத்தைக் கள்ளக் கல்யாணம் என்று சொல்ல யாருக்கும் வாயில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தம்பதிகளிடம் போவது ஒரு தாள். அதையே பிரதிசெய்து கூட்டத்தின் பதிவுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். அங்கே கோலமும் இல்லை, சுழியும் இல்லை. அந்தச் சாதாரணப் புத்தகங்களே 1840-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி சர்க்கார் பதிவாளரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கோர்ட்டில் அத்தாட்சியாக ஒப்புக்கொள்ளப்பட்டன. அப்படியானால் கல்யாணத்துக்கு உயிர் கொடுத்தது எது? சித்திர எழுத்தா, அல்லது சம்மதமும் சாட்சியுமா?

ஏன் இதைக் கேட்கிறோமென்றால், இன்று அமெரிக்காவிலுள்ள ஸ்வார்த்மோர், ஹாவர்போர்டு ஆகிய கல்லூரிகளின் நூல் நிலையங்களில் பத்திரப்படுத்தப்பட்டிருக்கும் இத்தகைய தாள்களைப் பார்க்கிற ரசிகர்கள், "ஆகா, என்ன கை! என்ன வளைவு!" என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கீழே நாலைந்து பத்திகளாக நிற்கும் பெயர்களை அவர்கள் படிப்பதில்லை. இக்காலத்தில் சித்திர எழுத்தாளர்களைக் கொண்டு பூவும் கொடியும் வர்ணமுமாகப் பத்திரம் எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்ளுகிற வழக்கமும் வந்திருக்கிறது. அழகு நமக்கு விரோதம் அல்ல. சாப்பாட்டு இலையில் கோலம் போட்டால்தான் பசி தீரும் என்று சொன்னால்தான் விரோதம். எழுத்து அழகாயிருக்கட்டும், ஆனால் அழகு போனால் கல்யாணமே போய்விடும் என்ற இடம் வந்தால், அன்றைக்கே புரோகிதன் வேறு வேஷத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தம்.

குவேக்கர்களைக் குற்றமற்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பாதிரியைத் துரத்தியவர்கள் கடவுளைத் துரத்தவில்லை. வாக்குறுதியில் அவர் பெயரும் இருக்கிறது. அமெரிக்கப் பத்திரங்களில், உலக வழக்கப்படி பெண் புருஷன் குடும்பப் பெயரை ஏற்றுக்கொள்ளுகிறாள் என்று எழுதி, அப்பெயராலேயே அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். உலக வழக்கத்தையெல்லாம் உதறியவர்கள் இந்த வழக்கத்தை மாத்திரம் ஏன் கட்டிக்கொண்டு அழுதார்கள்? தங்கள் கூட்டத்துக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டவர்களை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இங்கிலாந்திலேயே விலக்கி வைத்தார்கள். இது ஜாதிக்கட்டுப்பாட்டுக்குத் தம்பி அல்லாமல் வேறு என்ன? நியூஜெர்சியில் அடிமையாகப் பிறந்த வில்லியம் போயன் என்ற நீக்ரோவர், அவர்களுடைய கூட்டத்துக்கே போய், அவர்களைப்போலவே நடந்தும், தோல் நிறத்தினால் பல வருஷங்கள் அங்கத்தினராக ஏற்கப்படாமல் 1814-இல்தான் ஏற்கப்பட்டார். சாட்சிப் பத்தி எவ்வளவு நீளமாயிருந்தாலும் அதில் யாருடைய பெயருக்கு இடமில்லை என்பதையும் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும்.

இனி நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். நாட்டிங்காம் வழக்கு இங்கேயும் நடந்தது. 1934-இல் புரோகிதனும் சடங்கும் இல்லாமல் நடந்த ஒரு சுயமரியாதைக் கல்யாணம் செல்லாது என்று 1953-இல் சென்னை ஐகோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. 1661-இல் ஒரு வெள்ளைக்கார ஜட்ஜுக்கு விளங்கிய விஷயம், 292 வருஷங்கள் கழித்தும் நமது ஐகோர்ட்டுக்கு விளங்கவில்லை. 1967-இல் அண்ணா அவர்களின் மந்திரிசபை செய்த சட்டம்தான் அவ்விழிவைத் துடைத்தது. சுற்றத்தார், நண்பர்கள் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுவதாகச் சொல்லி, மாலை மாற்றிக்கொண்டாலும் மோதிரம் போட்டுக்கொண்டாலும் தாலி கட்டினாலும் கல்யாணம் செல்லும் என்று அச்சட்டம் சொல்லுகிறது. அதற்கு முன் நடந்த அத்தகைய கல்யாணங்களையும் அது செல்லும்படி செய்தது. 'புரிகிற மொழியில்' என்ற வார்த்தையைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் புரியாது, பெண்ணுக்கும் புரியாது, பல சமயங்களில் சொல்லுகிறவனுக்கும் புரியாது என்ற மந்திரத்தை விட, ஒரு குவேக்கர் பெண் தன் வாயால் சொன்ன நாலு வார்த்தை பெரியது.

அக்கினி சாட்சி என்கிறார்கள். அந்த அக்கினி கோர்ட்டுக்கு வருமா? கூண்டில் ஏறுமா? பங்காளி நிலத்தைப் பிடுங்க வந்தால், "நான் பார்த்தேன்" என்று சொல்லுமா? சாயங்காலத்திற்குள் சாம்பலாகிப் போகிற சாட்சி அது. மூன்று நூறு வருஷத்துக்கு முந்தின குவேக்கர் கல்யாணத்துக்கோ, எழுதத் தெரியாத கிழவி போட்ட கீறல் இன்னும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

நம்மவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. நமது கல்யாணங்களில் அச்சடித்த வாழ்த்து மடல்கள் ஏராளம். வர்ணத் தாள், தங்க எழுத்து, அடுக்குமொழி, கண்ணாடிச் சட்டம் எல்லாம் உண்டு. தலைவர்கள் பேசுகிறார்கள்; கைதட்டுகிறோம்; சாப்பிட்டுவிட்டுப் போகிறோம். அன்று நடந்ததற்கு யார் யார் சாட்சி என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறோமா? சர்க்கார் பதிவாளரிடம் போய்ப் பதிகிறோமா? வந்திருந்த பெண்களிடம் ஒரு கையெழுத்தாவது கேட்கிறோமா? கேட்காமல் மடலை மாத்திரம் மாட்டிவைத்தால், ஓமப் புகைக்குப் பதில் அச்சு மை என்பதைத் தவிர வேறு மாறுதல் என்ன?

ஆகையால் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் தோழர்கள் ஒரு தாள் வாங்கட்டும். முத்து முத்தாக எழுதத் தெரிந்தவர் இருந்தால் எழுதட்டும்; இல்லாவிட்டால் கணக்கெழுதுகிற கையே போதும். மேலே இருவர் சொன்ன வார்த்தை இருக்கட்டும். கீழே பந்தியில் உட்காரப் போகிறவர்கள், இலை போடுகிறவர்கள், பந்தல் கட்டினவர்கள் எல்லோருடைய பெயரும், எந்த ஜாதியாயிருந்தாலும், கலந்து நிற்கட்டும். பிறகு அத்தாளைப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாளே போய்ப் பதிவுசெய்து விடட்டும். புரோகிதனுக்கு அத்தாளில் இடம் வேண்டுமானால், அவரும் மற்றவர்களைப்போல வரிசையில் நின்று, சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்; நமக்கு ஆட்சேபணை இல்லை.