கடன் கொப்பியை எரிக்காதீர்கள்

மெல்பேணில் இருக்கும் எங்கள் சனம், ஊரிலிருந்து யார் போனாலும் ஒருநாள் பலராட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும். அங்கே சொவரின் ஹில் என்றொரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. 1851இல் தங்கம் அகப்பட்டு, உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து குவிந்த ஊர் அது. அந்தக் காலத்துக் கடைத்தெருவை 1970இல் திரும்பக் கட்டித் திறந்தார்கள். மெழுகுதிரி வார்க்கிறார்கள், பாகு காய்ச்சி இனிப்பு உருட்டுகிறார்கள், வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டை ஏற்றுகிறார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். பார்க்க வேண்டிய இடந்தான்.

அந்தத் தங்க ஊரை ஆண்ட அதே விக்டோரியா மகாராணிதான் 1837 முதல் 1901 வரை எங்களையும் ஆண்டார். யாழ்ப்பாணத்தில், காங்கேசன்துறை வீதியில், மருதனார்மடச் சந்தியில் அப்படியொரு தெருவைக் கட்டினால் அதற்குள் எதை வைப்பது என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

முதலில் ஒன்று. அந்த அறுபத்துச் சொச்ச வருடங்களில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ரயில் ஓடியது 1902இல். கொழும்புப் பாதை முழுமையானது 1905இல். அதற்குமுன் சாமான் எல்லாம் கடலால் வந்தது. நாகபட்டினத்திலிருந்து அரிசியும் புடைவையும் ஏற்றிய தோணிகள் ஊர்காவற்றுறைக்கும் பருத்தித்துறைக்கும் வந்தன. அங்கிருந்து மாட்டு வண்டிலில் பெரியகடைக்கும், வண்ணார்பண்ணைச் செட்டிமாரின் கடைகளுக்கும். வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கை வந்ததன் நினைவாக எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம் யாழ்ப்பாண நகரில் இன்றும் நிற்கிறது. வரைந்தவர் ஸ்மிதர், மணிக்கூட்டைக் கொடுத்தவர் தேசாதிபதி லோங்டன். யாழ்ப்பாணத்து விக்டோரியா காலம் என்றால் பலருக்கும் அந்தக் கோபுரந்தான் ஞாபகம் வரும். அதன் நிழலில் நடந்த வியாபாரம் ஞாபகம் வராது.

கப்பலில் வந்த சாமான்களில் வீடுகளை உண்மையில் மாற்றியது மண்ணெண்ணெய். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 1859இல் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். சில பத்தாண்டுகளுக்குள் அந்த எண்ணெய் எங்கள் ஊர்க் கடைவரை வந்துவிட்டது. இலுப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் எரிந்த வீடுகளில் கைவிளக்கும், பிறகு அரிக்கன் லாம்பும் தொங்கின. நாலு கலன் கொள்ளும் தகரம் இரண்டு, ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்து வரும். எண்ணெய் தீர்ந்த பிறகுதான் தகரத்தின் சீவியம் தொடங்கும். தண்ணீர் அள்ள, நெல் போட்டு வைக்க, வெட்டித் தட்டி வேலி அடைக்க. பெட்டிப் பலகை கடைக்காரரின் தட்டாகும். சவர்க்காரமும் நெருப்புப்பெட்டியும் பின்னால் வந்தன. சன்லைட் சவர்க்காரம் இங்கிலாந்திலேயே 1884இல்தான் வந்தது. அதற்குமுன் தலைக்குச் சீயாக்காயும் தேசிக்காயும். துணிக்குச் சாம்பலும் உவர்மண்ணும்.

கடைக்கு வெளியே இருந்தது இன்னும் பெரிது. பனையைப் பற்றி வில்லியம் பெர்கூசன் 1850இல் தனிப் புத்தகமே எழுதினார். 1859இல் எமர்சன் டெனன்ட்டும் தன் பெரிய நூலில் யாழ்ப்பாணத்துப் பனைக்கு நீண்ட இடம் கொடுத்தார். அவர்கள் வியந்தது சும்மா இல்லை. கடகம், பெட்டி, நீத்துப்பெட்டி, சுளகு, உமல், பாய், பட்டை என்று வீட்டுச் சாமானில் பெரும்பங்கு ஓலையிலிருந்து வந்தது. ஓலை வார ஒரு சத்தகம் கையில் இருந்தால் போதும். பனங்கட்டியைக் காய்ச்சி ஓலைக் குட்டானுக்குள் வார்த்து, குட்டானோடேயே விற்பார்கள். விற்கும் பண்டத்துக்கும் அதன் உறைக்கும் ஒரே மரம். இந்த வேலையில் அநேகமாகப் பெண்களின் கை. அந்தக் கைகளின் பெயர் எந்தத் துரைமார் நூலிலும் இல்லை.

உலோகச் சாமானில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் மூக்குப்பேணி இருக்கிறது. பித்தளை. வயிறு பருத்து, கழுத்து ஒடுங்கி, வாய் விரிந்து, விளிம்புக்குக் கீழே கிளிமூக்குப் போல ஒரு சின்னத் துவாரக் குழல். கையில் எடுத்தால் நல்ல பாரம். அண்ணாந்து, உதடு படாமல் அந்தக் குழலால் வாய்க்குள் ஊற்றிக் குடிக்க வேண்டும். பேணியின் அடியில் கன்னானின் சுத்தியல் பட்ட தழும்புகள் இன்னும் விரலுக்குத் தட்டுப்படும். தேநீரை அதில் ஊற்றினால் பேணியின் வயிறு சுடும். அதனால் மேல்விளிம்பில் இரண்டு விரல் வைத்துப் பிடிக்கும் ஒரு பக்குவம் இருந்தது. எங்கள் சின்ன வயதில் அம்மம்மா அதைப் பழக்கினார்.

அழகான சாமான். ஆனால் அதை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பாதிதான் சொன்னதாகும். அதன் பக்கத்தில் ஒரு சிரட்டையையும் வைக்க வேண்டும். யாருக்குப் பேணி, யாருக்குச் சிரட்டை என்று சாதி பார்த்துக் கொடுத்த ஊர் இது. தேநீர்க்கடைகள் வந்தபோதும் அந்த வழக்கம் கடைக்குள் ஏறி உட்கார்ந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம், மகாராணி செத்து அறுபத்தைந்து வருடம் கழித்து நடந்தது. வீட்டுச் சாமானின் வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

மருதனார்மடத்துக்கு வருகிறேன். நகரத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து மைல். இணுவில், உடுவில், சுன்னாகம் எல்லாம் சுற்றிவரச் செம்மண் தோட்டங்கள். 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் பாடசாலை கூப்பிடு தூரத்தில். இராமநாதன் கல்லூரி 1913இல்தான் வந்தது. பழைய வீதியோரங்களில் நான்கு வசதிகள் சேர்ந்திருக்கும்: தங்க மடம், குடிக்கக் கேணி, மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல், சுமை இறக்கச் சுமைதாங்கி. சுமைதாங்கி என்பது இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திய எளிய கட்டு. தலையில் கடகத்தோடு தனியே சந்தைக்கு நடக்கும் பெண், தூக்கிவிட ஒருவரையும் கூப்பிடாமல் சுமையை அதில் இறக்கி, களை ஆறி, திரும்பத் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். அதனால்தான் அதன் உயரம் ஆள் நிற்கும்போது தலைமட்டத்துக்குக் கிட்டவாக இருக்கும். பிள்ளை வயிற்றோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது வழக்கமாக இருந்தது. வழியில் போகிறவளின் பாரத்தை, போய்விட்ட ஒருத்தியின் பெயரால் இறக்கி வைத்த ஏற்பாடு. இதற்குக் கூலி கிடையாது. சொவரின் ஹில்லில் இப்படியொன்றை நான் காணவில்லை. எங்கள் தெருவைக் கட்டினால் கடைக்கு முன்னே முதலில் நாட்ட வேண்டியது இதைத்தான். வீதி அகலிக்கும்போதெல்லாம் இந்தக் கற்கள் பிடுங்குப்பட்டுப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இனிக் காசு. 1872இல் இலங்கைக்கு நூறு சதம் கொண்ட ரூபாய் வந்தது. அதற்குமுன் பவுண், சிலிங், பென்ஸ் கணக்கு. இறைசால் என்ற பழைய நாணயக் கணக்கில் பேசிய ஆட்களும் இருந்தார்கள். ஆனால் தோட்டக்காரன் கையில் வருடம் முழுக்கக் காசு புழங்குவதில்லை. புகையிலை விற்றால்தான் காசு. அது திருவிதாங்கூருக்குப் போகும் சரக்கு. அதுவரை கடையில் கடன், கணக்கேட்டில் ஒரு வரி. பெரிய முடை வந்தால் காணியை ஒற்றி வைப்பார்கள்: கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக விளைச்சலை எடுப்பார், முதல் திரும்பினால் காணி திரும்பும். யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமை 1707இல் தொகுக்கப்பட்டபோதே இதற்கு விதி இருந்தது. நகை ஈடு வைப்பது அடுத்த வழி. மகாராணியின் தலை பொறித்த தங்கப் பவுண் எட்டுக் கிராமுக்கு ஒரு துளி குறைவு. கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் இன்றைக்கும் எட்டுக் கிராமைப் பவுண் என்றுதான் விலை சொல்கிறார்கள். கோபுரத்தைவிட அந்த ஆட்சி ஆழமாக ஊன்றிய இடம் எங்கள் தாலிக்கொடி.

சாமான்களை ஓரளவு காப்பாற்றியிருக்கிறோம். நாவற்குழியில் 2020இல் திறந்த சிவபூமி அரும்பொருட் காட்சியகத்தில் பேணியும் பெட்டகமும் பார்க்கலாம். காப்பாற்றாதது கணக்கு. ஒரு கொத்து அரிசி என்ன விலை, யார் எவ்வளவு கடன், எந்த மாதம் தீர்த்தார்கள், மகளுக்குச் சீதனமாக என்னென்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் கடைக்காரரின் ஏட்டிலும் சீதன உறுதியிலும்தான் கிடக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது எல்லாருக்கும் தெரியும். 1995 ஒக்டோபரில் வலிகாமத்துச் சனம் நடந்து வெளியேறியபோது வீடுகளில் விட்டுப்போன பெட்டகங்களுக்குள் எவ்வளவு கடதாசி இருந்திருக்கும்! மிஞ்சியதைக் கறையான் தின்கிறது. வீடு வெள்ளையடிக்கும்போது நாங்களே முற்றத்தில் போட்டுக் கொளுத்துகிறோம்.

தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது பழைய கொப்பி, உறுதி, பற்றுச்சீட்டு அகப்பட்டால் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். கூடவே எந்த ஊர், யாருடைய கடை, எந்தக் காலம் என்று எழுதி வையுங்கள். நூலகம் நிறுவனம் இப்படிப்பட்ட ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வருகிறது. பழைய கணக்கேடு தமிழ் எண்ணிலும், மாகாணி, அரைக்கால் என்ற பின்னங்களிலும் இருக்கும். அவற்றைச் சரளமாக வாசிக்கிறவர்கள் அநேகமாக எண்பது தாண்டியவர்கள்தான். அவர்கள் பக்கத்தில் இந்தத் தை மாதமே பேரப்பிள்ளைகளைக் கொப்பியோடு இருத்துங்கள்.