மரத்து ஓணானும் மலைக்காடும்

ஓணானைப் பற்றி எழுத வந்துவிட்டார்களே என்று நகைக்காதீர்கள், தோழர்களே! கூலி, போனஸ், குத்தகை என்று ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். இதிலும் நம் கதை இருக்கிறது.

இலங்கையில், கண்டி, மாத்தளைச் சீமையில் நக்கிள்ஸ் மலைத்தொடர் இருக்கிறது. அதன் ஈரக் காட்டு மரங்களில் ஓர் ஓணான் வாழ்கிறது. மூக்கு நுனியில் சிறு இலைபோல் சதை நீட்டிக்கொண்டிருக்கும். உலகில் வேறெங்கும் இது கிடையாது. இன்று இது அழியும் ஆபத்தில் இருக்கிறது.

1861இல் இதற்கு யார் பெயரைச் சூட்டினார்கள் தெரியுமா? இலங்கையில் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் துரையின் பெயரை! அந்தக் காலனி ஆட்சிதான் 1840இல் சட்டம் போட்டு, உரிமையை நிரூபிக்க முடியாத காடும் தரிசும் சர்க்காருக்கே சொந்தம் என்றது, தோட்டத்துரைகளுக்கு விற்றது. காடு போய்க் காப்பி வந்தது. 1869இல் தொடங்கிய இலைநோயில் காப்பி சாய்ந்தது; தேயிலை வந்தது. அங்கே வியர்வை சிந்தியவர்கள் யார்? பஞ்சம் பிழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்த நம் பாட்டன் பாட்டிமார்! லாபம் சீமைக்குப் போயிற்று.

எஞ்சிய காட்டிலும் ஏலக்காய் புகுந்தது. பெரிய மரங்களை விட்டுவிட்டு, அடிக்காட்டை வெட்டி ஏலம் நட்டார்கள். காயை உலர்த்த விறகும் காட்டிலிருந்தே வந்தது. கூரை நின்றது, வீடு காலியாயிற்று!

பணக்கார நாடுகளில் கூண்டில் வைத்து அழகு பார்க்க ஓணான்களைக் கடத்தும் கூட்டமும் உண்டு. 2019இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மாநாடு இந்த வியாபாரத்துக்குத் தடை விதித்தது. நக்கிள்ஸ் காடும் 2010இல் உலக மரபுச் சொத்தாயிற்று. இவற்றை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம்: சட்டத்தின் தடி யார் முதுகில் விழப்போகிறது? காட்டை விற்றுத் தின்றவன் கணக்குத் தீர்த்துப் போய்விட்டான். ஏலம் பறித்த கூலிக்காரனும் விறகு சுமந்த பெண்ணும்தான் குற்றவாளிகளா? மாற்று வேலை கொடுக்காமல் அவர்களை வெறுங்கையோடு விரட்டுவது நியாயமல்ல. வயிறு காய்ந்தவன் காட்டுக்குள் திரும்பியே தீருவான், காடும் பிழைக்காது.

அந்த ஓணான் வாழும் காடுதான் மகாவலி ஆற்றுக்குத் தண்ணீர் ஊட்டுகிறது. கீழே வயலை நனைக்கிறது. காடு உழைப்பாளியின் சொத்து. ஓணானைக் காப்போம்! அதோடு, காட்டோரத்து ஏழையின் அடுப்பையும் அணையாமல் காப்போம்!