ஹாலுக்கு மேல ஸ்கைலைட் வைக்கப் போறீங்களா? முதல்ல சூரியன் எங்கே நிக்குதுன்னு பாருங்க!

டபுள் ஹைட் ஹால், நடுவில் சதுரமாக ஒரு கண்ணாடி, அது வழியாக சோபா மேல் இறங்கும் வெயில். இப்போது வருகிற ஹோம் டூர் வீடியோக்களில் இந்த ஷாட் இல்லாத வீடு அபூர்வம். லோன் வாங்கி வீடு கட்டத் தொடங்குகிற நம்ம வயசு ஆட்கள் பலரும் இன்ஜினீயரிடம் போனை நீட்டி, "இதே மாதிரி வேணும் சார்" என்கிறார்கள். பார்க்க அழகுதான். மே மாதம் மத்தியானம் 1 மணிக்கு அந்த சோபாவில் உட்கார முடியுமா என்பதை மட்டும் எந்த வீடியோவும் காட்டுவதில்லை.

ஸ்கைலைட்டே கூடாது என்பது என் கட்சி அல்ல. நாலு பக்கமும் ஜன்னல் வைக்க இடம் இருக்கிற வீட்டுக்காரர்கள் ஆசைக்கு வைக்கிறார்கள். உண்மையிலேயே தேவைப்படுகிற வீடுகளில் பகலிலும் ட்யூப்லைட் எரிகிறது. என் புகார் அதுதான்.

தலைக்கு மேல் சூரியன்

ஐரோப்பாவில் கூரை ஜன்னல் இவ்வளவு பிரபலமாக இருக்கக் காரணம் உண்டு. அங்கே சூரியன் எப்போதும் சாய்ந்தே நிற்கும், குளிர்காலத்தில் உள்ளே வரும் வெப்பம் லாபக் கணக்கு. சென்னை இருப்பதோ சுமார் 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள், ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நிழல் இல்லா நாள் என்று நாமே செய்தி போடுவோமே, அதுதான். ஆக, கோடையில் வீட்டிலேயே அதிகமாக வெயில் வாங்குவது மொட்டை மாடி. சரியாக அங்கேதான் ஓட்டை போட்டுக் கண்ணாடி வைக்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. 4-க்கு 4 அடி கண்ணாடி என்றால் சுமார் 1.5 சதுர மீட்டர். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 1,000 வாட் விழும். சாதாரணக் கண்ணாடி அதில் 80 சதவீதம் வரை உள்ளே விட்டுவிடும். மொத்தம் 1,200 வாட். ஹாலில் ஒரு அயர்ன் பாக்ஸை ஆன் பண்ணி அப்படியே விட்ட மாதிரி. 1 டன் ஏசி வெளியேற்றும் வெப்பமே சுமார் 3,500 வாட்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒற்றைக் கண்ணாடிக்கே போய்விடும். உள்ளே ஸ்க்ரீன் போட்டாலும் பெரிய பிரயோஜனம் இல்லை, வெப்பம்தான் ஏற்கெனவே உள்ளே வந்தாச்சே! நிழல் கண்ணாடிக்கு வெளியே, மாடிப் பக்கம் இருக்க வேண்டும்.

அரசு விதிகளும் இதையேதான் சொல்கின்றன. வணிகக் கட்டடங்களுக்கான 2017 எரிசக்தி விதிமுறை, ஸ்கைலைட்டைக் கூரைப் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. அந்தக் கண்ணாடியும் சூரிய வெப்பத்தில் 35 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடக் கூடாது. நம் வீடுகளை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் கடைக்காரரிடம் கேட்க நல்ல கேள்வி: "இந்தக் கண்ணாடி எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடும்?" பதில் தெரியாமல் "நல்ல குவாலிட்டி சார்" என்றால், அடுத்த கடைக்குப் போங்கள்.

அப்போ யாருக்குத்தான் வேணும்?

முக்கால் கிரவுண்டுக்கும் குறைவான மனையில், இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு. முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல், நடு ரூமில் காலை 11 மணிக்கே இருட்டு. நம் ஊர் பழைய ஓட்டு வீடுகளில் நடுவே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு வைத்திருப்பார்களே, அந்த அளவு போதும். சமையலறைக்கு வெளிச்சம் வந்தது, வீடு அடுப்பாகவில்லை.

கான்கிரீட் வீட்டில் என் ஓட்டு மாடிப்படி ஹெட்ரூமுக்கு. அதன் வடக்குச் சுவரில் உயரத்தில், நிமிர்ந்த கண்ணாடியாக வையுங்கள், மேலே ஒரு சன்ஷேட். பழைய ஸ்பின்னிங் மில்களின் ரம்பப்பல் கூரை செய்வதும் இதைத்தான்: வடக்குப் பக்கக் கண்ணாடி வழியாக வெளிச்சத்தை மட்டும் எடுப்பது. மே முதல் ஜூலை வரை காலை, மாலை வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், சமாளிக்கலாம். அதில் திறக்கிற லூவர் வைத்தால் மேலே ஏறும் சூடான காற்றும் அப்படியே வெளியேறும். மூடிய கண்ணாடியில் அதற்கு வழியே இல்லை.

இன்னொரு விஷயம், நம் ஊருக்கே உரியது. "அப்புறம் மேல ஒரு மாடி போட்டுக்கலாம்" என்று பில்லர் கம்பியை நீட்டி விட்டிருக்கும் வீட்டில், ஹாலுக்கு மேல் எதற்கு ஸ்கைலைட்?

உடைந்தால், ஒழுகினால்...

தலைக்கு மேல் வைக்கிற கண்ணாடியில் சமரசம் வேண்டாம். டஃபன்டு கண்ணாடி உடைந்தால் சின்னச் சின்னத் துண்டாகி மொத்தமாகக் கீழே கொட்டும். லேமினேட்டட் கண்ணாடியில் நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் இருப்பதால், விரிசல் விட்டாலும் துண்டுகள் அதிலேயே ஒட்டி நிற்கும். விலை கூடுதல்தான். பாலிகார்பனேட் ஷீட் மலிவு, ஆனால் வெயிலில் மஞ்சளாகும்.

நம் மொட்டை மாடி சும்மா கிடக்கிற இடமும் இல்லை. துணி காயும், வடாம் காயும், பசங்க ஓடுவாங்க. ஷீட்டோ கண்ணாடியோ, அதன் மேல் கால் வைத்து விழ ஒரு நொடி போதும். சுற்றிலும் தடுப்பு, அடியில் இரும்பு கிரில், இரண்டும் வேண்டும். கிரில் இருந்தால் திருடனுக்கும் வேலை இல்லை.

ஏற்கெனவே கட்டிய தளத்தை மேஸ்திரி பேச்சைக் கேட்டு வெட்டுவது தனி ஆபத்து. உள்ளே எந்தக் கம்பி எதைத் தாங்குகிறது என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்க்காமல் மெஷினை வைக்க விடாதீர்கள். அடுக்குமாடியில் மேல் ஃப்ளாட் என்றால் பேச்சே இல்லை, மாடி எல்லாருக்கும் பொது.

ஒழுகல் பெரும்பாலும் கண்ணாடியில் வராது, அது தளத்தோடு சேருகிற இடத்தில் வரும். சுற்றிலும் குறைந்தது 6 அங்குலம் உயரத்துக்கு விளிம்புச் சுவர் எழுப்பி, கண்ணாடியைக் கொஞ்சம் சாய்வாக உட்கார வைக்கச் சொல்லுங்கள். வெறும் சிலிக்கானை மட்டும் நம்பி விடாதீர்கள். வேலை முடிந்ததும் விளிம்புச் சுவரைச் சுற்றி 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற அக்டோபருக்கு முன்னாடியே, கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணை கொடுக்கிறதுக்கும் முன்னாடியே.