பட்டாளத்தில் வென்றவர் சீட்டாட்டத்தில் தோற்பதா?

மரக்காணம் உப்பளத்தில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரை சேர்க்க வேண்டும். கால் வெடித்துப் புண்ணாகும். மழைக்காலம் வந்தால் கூலியே கிடையாது.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்துப் பையன் பட்டாளத்தில் சேருகிறான் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் பணம் வருகிறது. கூரை வீடு மாடி வீடாகிறது.

பதினேழு வருஷம் கழித்து அவர் ஊர் திரும்புகிறார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. பென்ஷன் உண்டு. அதில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாகவும் வாங்கலாம். கிராஜுட்டியும் சேர்ந்து, கையில் ஒரே சமயத்தில் லட்சக்கணக்கில் பணம். ஆனால் காலையில் எழுப்ப விசில் இல்லை. கூடவே இருந்த தோழர்கள் இல்லை. காவல் வேலைக்குப் போகிறார். இரவு முழுதும் விழித்திருக்க வேண்டும். துணைக்குச் செல்போன். அதில் ரம்மி!

முதலில் நூறு ரூபாய் ஜெயிக்கிறார். பிறகு ஆயிரம் தோற்கிறார். விட்டதைப் பிடிக்க மறுபடி ஆடுகிறார். மனைவியின் கம்மல் அடகுக்குப் போன பிறகுதான் வீட்டுக்கு விஷயம் தெரிகிறது.

"மிலிட்டரியில் இருந்தவனுக்கு இந்தக் கட்டுப்பாடுகூடவா இல்லை?" என்று ஊர் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பயந்தே அவர் வாய் திறப்பதில்லை. ஊர் கேட்பது தவறு. இது நோய்.

தருமர் ஆடிய ஆட்டம்

விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தை ஜனங்கள் விடிய விடியப் பார்க்கிறார்கள். தருமர் நாட்டை இழந்தார். தம்பிமாரை இழந்தார். மனைவியையும் பணயம் வைத்தார். அது எல்லோருக்கும் தெரியும். அடுத்து நடந்ததைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். திருதராஷ்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தான். மறுபடி கூப்பிட்டதும் தருமர் மறுபடி போய் உட்கார்ந்தார்!

கடனை அடைத்துவிட்டால் மருமகன் திருந்திவிடுவார் என்று நிலத்தை விற்கும் மாமனார்கள் இதை யோசிக்க வேண்டும். சிகிச்சை இல்லாமல் கடனை மட்டும் அடைத்தால், அது அடுத்த ஆட்டத்துக்குப் போட்ட முதல்தான்.

அமெரிக்க டாக்டர்

இதை நோய் என்று உலகம் ஒப்புக்கொண்டதில் பட்டாளத்துக்காரர்களுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் பிரெக்ஸ்வில் என்ற ஊர். அங்கே முன்னாள் படைவீரர்களுக்கான அரசாங்க ஆஸ்பத்திரி. அதில் ராபர்ட் கஸ்டர் என்ற மனநல டாக்டர் குடிகாரர்களுக்குச் சிகிச்சை செய்துவந்தார். சூதாட்டத்தை விட முயன்றவர்கள் அவரிடம் உதவி கேட்டு வந்தார்கள். 1972ல் அவர்களையும் ஆஸ்பத்திரியில் தங்கவைத்துச் சிகிச்சை தொடங்கினார். அந்த மாதிரிச் சிகிச்சைக்கு அதுவே முதல் இடம். 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

சட்டம் போதுமா?

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003ல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பத்தில் ஐந்து உயிர்கள் போயின. மூன்று பேர் சின்னஞ்சிறு பெண் குழந்தைகள். கள்ள லாட்டரியில் பட்ட கடனே காரணம். அவர் பட்டாளத்துக்காரர் அல்ல. ஆனால் கடனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. தண்டனை ஆட்டம் நடத்துகிறவருக்கு. ஆடி ஏமாந்தவருக்கு அல்ல. ஆகவே டாக்டரிடம் உண்மையைச் சொல்ல அஞ்ச வேண்டாம்.

எங்கே போவது?

14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' மனநல உதவி அது. காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம். புதுச்சேரி ஜிப்மரிலும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. டாக்டர் தூக்கம், குடி, மனச்சோர்வு எல்லாவற்றையும் விசாரிப்பார். விட்டதைப் பிடிக்கும் எண்ணம் எப்போது, எதனால் கிளம்புகிறது என்று நோயாளியே கண்டுகொள்ளப் பழக்குவார். தேவையானால் மருந்தும் தருவார். பென்ஷன் பாஸ்புக் கொஞ்ச காலம் மனைவியிடம் இருக்கட்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. முன்னாள் படைவீரர்களுக்காக மாவட்ட ஆட்சியர்கள் குறைதீர் கூட்டம் நடத்துகிறார்கள். பென்ஷன், பட்டா, வீட்டுமனை என்று மனுக்கள் வருகின்றன. இந்தக் குறையை யாரும் மனுவாக எழுதிக் கொடுக்கமாட்டார்கள். அதனால் அங்கே ஒரு மனநல டாக்டரை உட்கார வைக்க வேண்டும். தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு அவர் பேசட்டும்.

முன்னாள் படைவீரர்களுக்கு இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் 2003 முதல் இருக்கிறது. காய்ச்சலுக்கு அந்தக் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இதற்கும் அதைக் காட்டி மனநல டாக்டரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். கணவர் வர மறுத்தால் மனைவி முதலில் போகட்டும். திட்டத்தில் அவரும் சேர்ந்தவர்தானே!